இரண்டு பவுண்டு

நவம்பர் 2

காலை எடை 8 ஸ்டோன் 6 பவுண்டு (ஒரு ஸ்டோன் என்பது 14 பவுண்டு). கோடையில் அளவெடுத்து வாங்கிய சட்டையின் கைகள் மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டன.

நவம்பர் 4

விடியலுக்கு முன் சாம்பல் குதிரையை வாரன் ஹில் ஏற்றத்தில் இரண்டு முறை ஓட்டினேன். பாதி ஏற்றத்தில் வழக்கம்போல் வலப்பக்கம் சாய்ந்தாள். நானும் எதிர்த்து இழுத்தால் இன்னும் சாய்வாள் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கோடை முழுவதும் தேவைப்பட்டது. கடிவாள வாரில் சுண்டுவிரலை மட்டும் தளர்த்தினால் போதும். ஒரு காதைப் பின்னால் திருப்பி, கேட்டுக்கொண்டவள்போல் நேராகிவிடுவாள். செம்ஸ்ஃபோர்ட் பந்தயத்தில் அவளை ஓட்ட எனக்கே தருவதாகப் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 8

அந்தக் கால ஜாக்கி ஃபிரெட் ஆர்ச்சரின் கல்லறைக்குப் போனேன். 11 வயதில் இதே நியூமார்க்கெட்டுக்குத் தொழில் பழக வந்தவர், 13 முறை சாம்பியன், 2,748 வெற்றிகள். ஜாக்கிக்கு ஆகாத உயரம் அவருக்கு. 1886-இல் கேம்பிரிட்ஜ்ஷயர் பந்தயத்துக்காகப் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தார், தலையளவு வித்தியாசத்தில் தோற்றார், பிறகு காய்ச்சலில் விழுந்தார். மனைவியை இழந்த துயரமும் ஆறாமல், இதே நவம்பர் 8 அன்று, 29 வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்காக வருந்தத்தான் போனேன். ஆனால் அங்கே நின்ற நேரமெல்லாம் அவருடைய உயரத்தையும் என்னுடைய உயரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 13

இன்று செம்ஸ்ஃபோர்டில் சாம்பல் குதிரை சுமக்க வேண்டும் என்று விதித்த எடை, நானும் சேணமும் சேர்த்து, 9 ஸ்டோன். பயிற்சி ஜாக்கி என்பதால் எனக்கு 7 பவுண்டு சலுகை உண்டு. 20 பந்தயங்கள் வென்றால் அது 5 ஆகும், 50 வென்றால் 3, 95 வென்றால் ஒன்றுமில்லை. நான் வென்றவை 4. ஆகவே இன்று 8 ஸ்டோன் 7 பவுண்டில் ஏறியிருக்க வேண்டும். சேணத்தைக் கையில் ஏந்தித் தராசில் அமர்ந்தபோது 8 ஸ்டோன் 9 காட்டியது. நேற்று மதியத்திலிருந்து நான் எதையும் உண்ணவில்லை. 2 பவுண்டு கூடுதல் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பயிற்சியாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஒரு முறைகூடச் சாயாமல், விளக்கொளியில் கடைசி நேர்பாதை முழுவதும் தன்னால் ஆன அனைத்தையும் கொடுத்து ஓடி, மூக்கு நுனியில் தோற்றாள். ஒரு மைல் பந்தயத்தில் 2 பவுண்டு என்பது ஏறத்தாழ ஒரு குதிரை நீளம் என்று இங்கே எல்லோரும் கணக்குச் சொல்வார்கள். என்னைத் தேடி வருவதே அந்த 7 பவுண்டுக்காகத்தான். அதை என் உடம்பே தின்றுவிடுகிறது என்றால், நான் எதற்கு?

நவம்பர் 14

மூக்கு நுனி.

நவம்பர் 20

8 ஸ்டோன் 7. பந்தயத் திடல்களில் நாங்கள் வியர்த்து எடை குறைக்க இருந்த சானா என்னும் நீராவி அறைகளை 2021-இல் நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள். எங்கள் நலனுக்காகத்தான், அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் இரவு கொதிக்கும் தொட்டி நீரில் கழுத்துவரை மூழ்கிக் கிடந்தேன். எழுந்தபோது கண் இருட்டியது. நான் இன்னும் வளர்வேன் என்று மருத்துவர் சொல்கிறார், ஏதோ நல்ல செய்தியைச் சொல்வதுபோல.

நவம்பர் 29

இன்று அவள் வென்றாள். புதிதாக வந்திருக்கும் பையன் ஓட்டினான். அவனுக்கும் 7 பவுண்டு சலுகை. புறப்படும் முன் அவனிடம் சுண்டுவிரலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் வலப்பக்கம் சாய்ந்திருப்பாள். அப்படி அவளைத் தோற்கவிட எனக்கு மனம் வரவில்லை.

டிசம்பர் 3

தடை தாண்டும் பந்தயங்களுக்கு மாறிவிடலாமே, அங்கே இந்த எடை ஒரு பொருட்டே இல்லை என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை.

டிசம்பர் 9

நாளை மறுநாள் வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு சவாரி இருக்கிறது. 8 ஸ்டோன் 9 பவுண்டில் ஏற முடியுமா என்று பயிற்சியாளர் கேட்டார்; முடியும் என்று சொல்லிவிட்டேன். சேணமும் காலணியும் 3 பவுண்டு. இப்போது, இரவு பத்து மணிக்கு, வெறும் உடம்பு 8 ஸ்டோன் 8.