எஸ்.என்.ஏ. ஃபாரம் எங்க மேம்?

தென்னாப்பிரிக்கால, டர்பன்ல சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு கவர்மென்ட் பிரைமரி ஸ்கூல்ல லேர்னிங் சப்போர்ட் டீச்சரா வேலை பாக்குறேன். எழுத்துக்கூட்டத் திணறுற பிள்ளைங்க, காது மந்தமான பிள்ளைங்க, ஆட்டிசம் உள்ள பிள்ளைங்க, எல்லார் ஃபைலும் என் பீரோவுலதான் இருக்கு. மீட்டிங்னா பிரின்சிபால், கிளாஸ் டீச்சர், நான்னு மூணு நாலு பேர் ஒரு பக்கமா உக்காருவோம், எதிர்ல தனியா ஒரு அம்மா. பாக்க விசாரணைக் கமிஷன் மாதிரியே இருக்கும், அவங்களும் நாங்க எல்லாம் ஒரே கட்சின்னுதான் நினைச்சுப்பாங்க. ஆனா அந்த அம்மா விடாம கேக்கணுமேன்னு இந்தப் பக்கம் உக்காந்திருக்குற நாங்களே மனசுக்குள்ள வேண்டிக்கிட்டு இருப்போம், வாய்விட்டுச் சொல்லத்தான் முடியாது.

ஏன்னா சைக்காலஜிஸ்ட், தெரபிஸ்ட் எல்லாம் ஸ்கூல்ல கிடையாது, டிஸ்ட்ரிக்ட் கல்வி ஆபீஸ் டீம்லேர்ந்து வரணும், அவங்க தலையில எத்தனையோ ஸ்கூல். நான் எழுதுற லெட்டர் பிரின்சிபால் கையெழுத்துக்குப் போயி, அங்கேர்ந்து டிஸ்ட்ரிக்டுக்குப் போயி, ஏற்கனவே கிடக்குற குவியல்ல போய்ச் சேந்துக்கும். அதையே பிள்ளையோட அம்மா கைப்பட எழுதி, ஆபீஸ்ல சீல் வாங்கி, ஒரு காப்பியைத் தான் வச்சுக்கிட்டு இன்னொண்ணை டிஸ்ட்ரிக்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா யாராவது ஒருத்தர் பதில் சொல்லித்தான் ஆகணும், எனக்கும் ஃபோன் வரும், "அந்தக் கேஸ் என்னாச்சு"ன்னு. எனக்கு வேண்டியதே அந்த ஃபோன்தான்.

சட்டத்துல குறைன்னு சொல்ல முடியாது. 1996 அரசியல் சட்டத்தோட 29வது பிரிவு அடிப்படைக் கல்வி எல்லாருக்கும் உரிமைன்னு சொல்லுது, அதே வருஷம் வந்த ஸ்கூல்ஸ் ஆக்ட், சிறப்புத் தேவை உள்ள பிள்ளையை எங்க சேக்குறதுன்னு முடிவு பண்ணும்போது பெத்தவங்க விருப்பத்தையும் கணக்குல எடுக்கணும்னு சொல்லுது. 2001ல ஒயிட் பேப்பர் 6னு அரசாங்கக் கொள்கை அறிக்கை வந்துச்சு, சாதா ஸ்கூல், கூடுதல் உதவி வசதி உள்ள ஃபுல் சர்வீஸ் ஸ்கூல், ஸ்பெஷல் ஸ்கூல்னு பிரிச்சு, பிள்ளைக்கு என்ன நோய்ங்கிறதை விட்டுட்டு எவ்வளவு சப்போர்ட் தேவைங்கிறதை வச்சுப் பாருங்கன்னு, 20 வருஷத் திட்டம். அந்த 20 வருஷம் முடிஞ்சும் போயாச்சு. அப்புறம் 2014 கடைசில எஸ்.ஐ.ஏ.எஸ். பாலிசி, எந்தப் பிள்ளைக்கு என்ன சப்போர்ட் வேணும்னு கண்டுபுடிச்சுக் கொடுக்குற முறை, இப்ப எங்க அன்றாடப் பொழப்பே இதுதான். கிளாஸ் டீச்சர் பேரன்ட்கிட்ட பேசி எஸ்.என்.ஏ. 1, அதாவது பிள்ளையோட சப்போர்ட் தேவையை எழுதுற முதல் ஃபாரத்தை நிரப்பணும், அதுல எழுதினதைச் செஞ்சும் தேறலைன்னா ஸ்கூல் சப்போர்ட் டீம் எஸ்.என்.ஏ. 2 போடணும், எங்களாலயும் முடியலைன்னா டிஸ்ட்ரிக்ட் டீம் எஸ்.என்.ஏ. 3. முதல் ஃபாரம் இல்லாம அடுத்தது நகராது, அந்த முதல் ஃபாரம்தான் பல பிள்ளைங்களுக்கு மாசக்கணக்கா காலியா கிடக்குது, நாற்பது பிள்ளைங்களை வச்சுக்கிட்டு இருக்குற கிளாஸ் டீச்சரையும் ரொம்பக் குத்தம் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் கிரேடு 3 பையன் ஒருத்தனோட அம்மா வந்தாங்க. துணி ஃபேக்டரில வேலை, ஷிஃப்ட் மாத்திக்கிட்டு வந்தவங்க, யூனிஃபார்ம் கோட்டுல நூல் பிசிறு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கையில ஒரு கவுண்டர் புக், கடைக்காரங்க கணக்கு எழுதுவாங்களே, கெட்டி அட்டை போட்ட நோட்டு, அது. உக்காந்ததும் தேதி போட்டாங்க, எங்க ஒவ்வொருத்தர் பேரையும் கேட்டு எழுதிக்கிட்டாங்க. பிரின்சிபால் வழக்கம்போல "பாத்துப் பண்ணலாம்மா"ன்னாரு. அவங்க அதையும் அப்படியே எழுதிட்டு, நிமிந்து, "எந்தத் தேதிக்குள்ள சார்?"னு கேட்டாங்க. கோபமே இல்ல குரல்ல. அடுத்து கிளாஸ் டீச்சர் பக்கம் திரும்பி, "எஸ்.என்.ஏ. 1 எங்க மேம், நான் இன்னும் எதுலயும் கையெழுத்துப் போடலியே"ன்னு ஒரு கேள்வி. ரூம்ல ஃபேன் சத்தம் மட்டும்தான். எனக்கு எந்திரிச்சு கைதட்டலாம்னு இருந்துச்சு, ஆனா நான் ரொம்ப மும்முரமா என் பேனா மூடியைத் தேடிக்கிட்டு இருந்தேன்.

அன்னிக்கு ஸ்கூல் சொன்ன தீர்வு, இன்னொரு வருஷம் அதே கிளாஸ்ல போடலாம்ங்கிறதுதான். இது இங்க எல்லா ஸ்கூல்லயும் கைவசம் இருக்குற மருந்து. ஆனா ஒரு ஃபேஸ்ல, அதாவது சில கிரேடு சேந்த ஒரு கட்டத்துல, ஒரு தடவைதான் பிள்ளையை நிறுத்தி வைக்கலாம், இவனை கிரேடு 1லயே ஒரு தடவை நிறுத்தியாச்சு, கிரேடு 3 வரைக்கும் ஒரே ஃபேஸ்தானே, அப்ப எப்படி மறுபடி நிறுத்த முடியும், அந்த அம்மா அதையும் தெரிஞ்சு வச்சிருந்தாங்க. வாசிக்க வராத பிள்ளையை அதே பாடத்தை அதே மாதிரி ரெண்டாவது தடவை கேக்க வச்சா என்ன மாறிடும்னு எனக்கு இன்னும் விளங்கல.

எல்லாரும் இப்படி வர்றதில்ல. நெறைய வீட்ல பேரன்ட் வேலையைப் பாக்குறது ஆயாங்கதான், பாட்டிங்க, மகளோ மருமகளோ ஜோகன்னஸ்பர்க்ல வேலைல இருப்பாங்க. ஒரு ஆயா வருவாங்க, பேரனோட ரோட் டு ஹெல்த் புக்கை, பொறந்ததுலேர்ந்து ஊசி, எடை எல்லாம் எழுதுற கிளினிக் நோட்டை, பிரெட் கவர்ல மடிச்சு எடுத்துட்டு. எப்ப தலை நின்னுச்சு, எப்ப ஃபிட்ஸ் வந்துச்சு, எந்த ஊசி போட்ட பெறகு எத்தனை நாள் தூங்கலைன்னு டாக்டர் ரிப்போர்ட்ல இல்லாத சங்கதியெல்லாம் அவங்ககிட்ட இருக்கு. ஆனா கேளுங்க ஆயான்னா, "டீச்சருக்குத் தெரியாததா கண்ணு"ன்னு முந்தானையைச் சரி பண்ணிக்குவாங்க. கேர் டிபென்டன்சி கிராண்ட்னு ஒண்ணு இருக்கு, கடுமையான ஊனம் உள்ள 18 வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளையை வீட்ல வச்சுப் பாத்துக்குறவங்களுக்கு சாசாங்கிற அரசாங்க உதவித்தொகை ஆபீஸ்ல கொடுக்குறது, பேரனுக்கு அது கிடைக்குமான்னு மெடிக்கல் செக்கப் பண்ணிப் பாக்கணும்ங்கிறதே அவங்களுக்கு ஸ்கூல்ல நாங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. தைப்பூசத்துக்கு பேரனுக்காகக் காவடி எடுக்குறதா வேண்டிக்கிட்டிருக்காங்க. எடுக்கட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், கிளினிக் அப்பாயின்ட்மென்ட் தேதியும் காவடி தேதி மாதிரி நினைவுல இருந்தாப் போதும்.

வேடிக்கை என்னன்னா இந்த ஊர்ல நம்ம ஜனங்களுக்கு இருக்குற ஸ்கூல் எல்லாம் முன்னாடி அவங்களே முயற்சி எடுத்துக் கேட்டு வாங்கினதுதான். 1860ல மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோ கப்பல்ல கரும்புத் தோட்டத்துக்குன்னு வந்து இறங்கினவங்க, பிள்ளைங்க படிக்க அரசாங்கம் ஸ்கூல் கட்டித் தரும்னு காத்துக்கிட்டு இருக்கல, காசு பிரிச்சு தாங்களே கட்டி, அப்புறம் டீச்சர் சம்பளத்துக்கு கவர்மென்ட் உதவி வாங்கினாங்க. அந்த வம்சத்து ஆயாதான் இன்னிக்கு பிரின்சிபால் ரூம் வாசல்ல செருப்பைக் கழட்டலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு நிக்குறாங்க.

சத்தம் போடுற அப்பாக்களும் வருவாங்க. டேபிளைத் தட்டுவாங்க, பேப்பர்ல போட்டுருவேன்பாங்க, அவங்க போன பெறகு ஆபீஸ்ல டீ வரும், "பாவம், மனசு கஷ்டம்"னு ரெண்டு பேர் சொல்லுவாங்க, ஃபைல்ல ஒரு வரி ஏறாது. காசு உள்ளவங்க தாங்களே சம்பளம் கொடுத்து கிளாஸ்ல பிள்ளை பக்கத்துல உதவிக்கு ஒரு ஆளை, ஃபெசிலிடேட்டரை, உக்கார வச்சுக்குறாங்க, மத்தவங்களுக்கு அது முடியுற காரியமா. அதனால ஸ்கூலுக்கு உள்ளயே என்ன கிடைக்குமோ அதைத்தான் முதல்ல புடிச்சுக் கேக்கச் சொல்வேன்: முன் பெஞ்ச், பெரிய எழுத்து, பரீட்சைல கூடுதல் நேரம், கேள்வியைப் படிச்சுக் காட்ட ஒரு ஆள். இதுக்கெல்லாம் சின்ன கிளாஸ்லயே ரெக்கார்டு ஏறிட்டா மெட்ரிக், அதாவது இங்க பன்னெண்டாவது பரீட்சை, வரும்போது கன்செஷன், இந்த மாதிரிச் சலுகை, கேக்குறப்ப ஃபைல்ல காட்ட ஏதாவது இருக்கும்.

கவுண்டர் புக் அம்மா அந்த வாரமே லெட்டர் கொடுத்துட்டாங்க, எஸ்.என்.ஏ. 1 அடுத்த திங்கக்கிழமை நிரம்புச்சு, ரெண்டாவதை நானே உக்காந்து எழுதினேன். பையன் இப்ப கிரேடு 4, டெஸ்ட்ல கேள்வியைப் படிச்சுச் சொல்ல ஆள் இருக்கு, கணக்குல பாதிக்கு மேல வாங்குறான். டிஸ்ட்ரிக்ட் சைக்காலஜிஸ்ட் மட்டும் இன்னும் வரல. அடுத்த மீட்டிங்குக்கு அந்த அம்மா தேதி கேட்டு எழுதியிருக்காங்க, இந்தத் தடவை டிஸ்ட்ரிக்ட் ஆளும் டேபிள்ல இருக்கணுமாம்.