பஸ்ஸில் வந்த ஸ்கேனர் மேலூரில் ஏன் தெரியவில்லை

எங்கள் தாத்தா மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடை என்றைக்குத் திறந்தது, யார் வயலுக்கு எந்த முறையில் தண்ணீர் போனது என்று ஒன்பது நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார். 1895-இல் பெரியாறு அணை திறந்தபின் கால்வாய்ப் பாசனம் கண்ட பகுதி இது. கால்வாய்த் தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேர்ந்த நாட்களை மட்டும் சிவப்பு மையில் குறித்திருக்கிறார். தாள் ஓரம் உதிர ஆரம்பித்துவிட்டது. நோட்டை ஊரைவிட்டு வெளியே அனுப்ப அத்தைக்கு மனமில்லை. அதனால் ஸ்கேனரை நான் ஊருக்குத் தூக்கிப் போனேன்.

கேனான் லைடு 110 ஸ்கேனர், பழைய டெஸ்க்டாப், அதில் டெபியன் என்ற லினக்ஸ். மதுரை கோ.புதூர் வீட்டில் மானிட்டர் வைத்துச் சோதித்தபோது முதல் தடவையிலேயே ஸ்கேன் ஆனது. மேலூருக்கு மானிட்டர் இல்லாமல் சிபியுவை மட்டும் எடுத்துப் போய், ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக, அதாவது நெட்வொர்க் மூலம் வேறொரு கணினியில் கட்டளை அடிக்கும் முறையில், அதற்குள் நுழைந்தேன். லேப்டாப்பில் எதையும் நிறுவ அனுமதி கிடையாது, அதனால் ஸ்கேனரை நேராக அதில் மாட்ட வழியில்லை. ஸ்கேனர்களைப் பட்டியலிடும் 'ஸ்கேன்இமேஜ் -எல்' கட்டளையை அடித்தால், ஸ்கேனர் எதுவும் இல்லை என்றது.

"பஸ்ல இடிபட்டுருச்சாய்யா?" என்றார் அத்தை. எனக்கும் அதே பயம்தான்.

யுஎஸ்பியில் மாட்டியவற்றைக் காட்டும் 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையை அடித்துப் பார்த்தேன். 04ஏ9:1909 என்ற எண்ணோடு ஸ்கேனர் பட்டியலில் இருந்தது. அப்படியானால் வயரும், லினக்ஸின் உட்கருவான கெர்னலும் அதைப் பார்க்கின்றன. அடுத்து அதே ஸ்கேன்இமேஜை சுடோ போட்டு, அதாவது ரூட் என்ற முழு அதிகாரப் பயனராக, ஓட்டினேன். உடனே 'ஜெனிசிஸ்' என்ற பெயரோடு வந்தது. லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் சேன் மென்பொருளில் இந்த மாடலுக்கான பகுதி அதுதான். "இல்லத்தை, நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னபோதுதான் மூச்சு வந்தது. ரூட்டுக்குத் தெரிந்து எனக்குத் தெரியவில்லை என்றால் குறை அனுமதியில்தான்.

ஆனால் புதூரில் இதே பயனர் பெயரில்தானே ஓடியது? இந்தக் கேள்வியில் ஒரு மத்தியானம் போனது. விடை இது: கணினியின் முன்னால் உட்கார்ந்து லாகின் செய்பவருக்கு, லினக்ஸில் லாகின்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி தானாகவே ஸ்கேனரைத் தொடும் உரிமையைக் கொடுத்துவிடுகிறது. எஸ்எஸ்எச்சில் வருபவருக்கு அது கிடைக்காது. அவர் 'ஸ்கேனர்' என்ற குழுவில் இருக்க வேண்டும். ஸ்கேனருக்கென லினக்ஸ் வைத்திருக்கும் டிவைஸ் ஃபைலின் அனுமதி வரிசைக் கடைசியில், கூடுதல் அனுமதிகள் உண்டு என்று காட்டும் ஒரு கூட்டல் குறி நின்றது. அவற்றைக் காட்டும் 'கெட்ஃபேக்ள்' கட்டளையை அடித்துப் பார்த்ததும் அந்தக் குழுவின் பெயர் தெரிந்தது. 'அட்யூசர்' கட்டளையால் என்னை அந்தக் குழுவில் சேர்த்தேன். அப்போதும் வரவில்லை. எஸ்எஸ்எச்சை விட்டு வெளியேறி மறுபடி நுழைந்த பிறகே புதிய குழு செல்லுபடியானது. தினமும் சுடோ போட்டே ஓட்டலாமே என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் படங்களெல்லாம் ரூட்டின் பெயரில் சேரும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் வேறு தொல்லை. பக்கம் பாதி போனதும் விளக்கு நின்றது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி'யில் யுஎஸ்பி துண்டிப்பு என்று வரிசையாக வந்திருந்தது. இந்த ஸ்கேனருக்குத் தனி அடாப்டர் கிடையாது, யுஎஸ்பி வயரே மின்சாரமும் தருகிறது. நான் மாட்டியிருந்ததோ மூன்று மீட்டர் வயர், அதுவும் முன்பக்க போர்ட்டில். குட்டை வயருக்கு மாற்றி, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகினேன். அதன்பின் ஒருமுறைகூட நிற்கவில்லை.

முதலில் இடம் மிச்சம் என்று கிரேயில் எடுத்தேன். ஒரு பக்கத்தைப் பார்த்த அத்தை, "அப்பா செவப்புல எழுதுனது எங்கய்யா?" என்றார். நீலமும் சிவப்பும் ஒரே சாம்பலாகியிருந்தன. எடுத்த அத்தனையையும் மறுபடி 300 டிபிஐயில் கலரில் எடுத்தேன். ஏ4 அளவுக்கு அமுக்காத டிஃப் படம் ஒன்று 26 எம்பி வரும். வரட்டும், அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் இந்த நோட்டுகளுக்குப் பாதி அர்த்தமில்லை.

ஏழு நோட்டு முடிந்திருக்கிறது. மிச்சம் இரண்டிலும் தையல் இறுக்கம், நடுமடிப்பு கண்ணாடியில் படியவில்லை. இந்த வகை ஸ்கேனருக்குத் தாள் கண்ணாடியிலிருந்து கொஞ்சம் எழும்பினாலே எழுத்து மங்கிவிடும். தையலைப் பிரிக்கலாமா என்று அத்தையிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.