மின்னஞ்சல் வடிகட்டிகள் இருக்க வேண்டிய இடம்

அலுவலகத்தில் ஒரு கணினி, வீட்டில் ஒரு மடிக்கணினி, கையில் ஒரு கைப்பேசி என ஒரே மின்னஞ்சல் கணக்கைப் பல இடங்களில் திறப்பவர்கள், வரும் அஞ்சல்களைக் கோப்புறைகளுக்குப் பிரித்து அனுப்பும் வடிகட்டி விதிகளை ஒவ்வொன்றிலும் தனித்தனியே எழுதுவதை விட்டுவிட்டு, அஞ்சல் வந்து சேரும் சர்வரிலேயே ஒருமுறை எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரே கணக்கைப் பல கருவிகளில் திறக்க உதவும் ஐமேப் முறையில் அஞ்சல்களும் கோப்புறைகளும், எது படித்தது எது படிக்காதது என்ற குறிப்பும் சர்வரில் இருப்பதால், வடிகட்டிகளும் எல்லாக் கணினிகளுக்கும் தாமாகவே வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் தண்டர்பேர்டு என்ற அஞ்சல் மென்பொருளில் எழுதும் வடிகட்டிகள் அந்தக் கணினியின் வட்டில் ‘எம்எஸ்ஜிஃபில்டர்ரூல்ஸ்.டேட்’ என்ற கோப்பில்தான் பதிவாகின்றன. அங்கே தண்டர்பேர்டு திறந்திருந்தால்தான் அவை இயங்கும். அலுவலகக் கணினி அணைந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியின் இன்பாக்ஸில் எல்லாம் கலந்து குவிவது இதனால்தான். இதைவிடத் தொல்லையானது, மடிக்கணினியில் நீக்காமல் விட்ட பழைய விதி. வங்கி அறிவிப்பு ஒன்றை அது விளம்பரக் கோப்புறைக்கு நகர்த்திவிட்டால், அலுவலகத்தில் அமர்ந்து தேடுபவருக்குக் காரணமே புலப்படாது. எந்தக் கணினி முந்துகிறதோ அதன் விதியே அங்கே செல்லும்.

சர்வரில் வடிகட்டுவதற்கென்றே உருவான மொழி சீவ். 2001இல் ஆர்.எஃப்.சி. 3028 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்த அதன் வரையறை, 2008இல் ஆர்.எஃப்.சி. 5228 ஆகத் திருத்தப்பட்டது. பலருடைய அஞ்சலைச் சுமக்கும் சர்வரில் ஒருவரின் விதி பிறருக்கு இடையூறாகக் கூடாது என்பதற்காக, அதன் அடிப்படை வடிவில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சிக் கட்டளைகளோ வெளி நிரல்களை இயக்கும் வசதியோ வைக்கப்படவில்லை. எந்த விதிக்கும் பொருந்தாத அஞ்சலும், விதி இயங்குகையில் பிழை நேர்ந்தால் அப்போது வரும் அஞ்சலும் இன்பாக்ஸிலேயே சேரும் என்ற அதன் ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். அஞ்சல் தொலைந்துவிடுமோ என்று அஞ்சாமல் விதி எழுத அதுவே துணிவு தருகிறது. டவ்காட் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் பிஜன்ஹோல் என்ற இணைப்பு சீவ் விதிகளை இயக்குகிறது. உலாவியில் அஞ்சல் பார்க்க உதவும் ரவுண்ட்கியூபில் அதற்குரிய செருகுநிரலை நிறுவியிருந்தால், மொழியே தெரியாதவர்கள்கூட உலாவியிலிருந்து விதிகளை அமைக்கலாம். ஜிமெயிலின் வடிகட்டிகள் எப்போதுமே கூகுளின் சர்வரில் இயங்குபவை. அவுட்லுக்கில் மட்டும் கவனம் தேவை: ஒலி எழுப்புவது போன்ற செயலைச் சேர்த்த விதி, அந்தக் கணினியில் மட்டும் இயங்குவதாக மாறிவிடும்.

விதி எழுதும்போது, குழு அஞ்சல்களைப் பொருள் வரியில் உள்ள சொல்லைக் கொண்டு பிரிக்காமல், அஞ்சலுடன் மறைவாக வரும் ‘லிஸ்ட்-ஐடி’ என்ற தலைப்பு வரியைக் கொண்டு பிரிப்பதே நல்லது. பொருள் வரியை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். லிஸ்ட்-ஐடியைச் சேர்ப்பது குழுவை நடத்தும் மென்பொருள்.

சர்வர் விதிகள் சரியாக இயங்குவதைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு கணினியிலும் உள்ள பழைய வடிகட்டிகளை மறக்காமல் அணைத்துவிடுங்கள். எது குப்பை அஞ்சல் என்று தண்டர்பேர்டு கற்றுக்கொள்வதும் அந்தந்தக் கணினியிலேயே தங்குவதால், சர்வரில் அதற்கு வசதி இருந்தால் அதையும் அங்கேயே விட்டுவிடுவது நல்லது.