வீடு தேடினால் வீடியோவும் வரும்

நேர்காணல்கள் எல்லாம் முடிந்து, 30 டிரான்ஸ்கிரிப்ட் (பேச்சின் எழுத்து வடிவம்) கோப்புறையில் வந்து உட்கார்ந்த பிறகுதான், அவற்றைப் பகுத்தாய உதவும் மென்பொருளான என்விவோ நினைவுக்கு வரும், "என்விவோ எங்கே கத்துக்கலாம்?" என்ற கேள்வியும் வரும். அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எந்த பட்டனை அழுத்துவது? என் தரவை புராஜெக்ட்டுக்குள் எப்படி அடுக்குவது? எதை கோட் (உரையின் ஒரு பகுதிக்கு நாம் சூட்டும் கருத்துப் பெயர்) என்று எடுப்பது? நிறுவனத்தின் உதவி மையம் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். இரண்டாவதற்கு நல்ல பயிற்சியாளர் வேண்டும். மூன்றாவதற்கு உங்கள் கைடும் ஆய்வு முறையியல் நூல்களும்தான். இதைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கட்டினால், இரண்டு நாள் பயிலரங்கில் சான்றிதழ் கிடைக்கும், கோடிங் வராது.

முதல் கேள்விக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். என்விவோ, அதே வேலையைச் செய்யும் அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ ஆகிய மூன்றின் தளங்களிலும் கையேடும் காணொளிகளும் இலவசம். எதை வாங்குவது என்ற குழப்பம் இருந்தால் விற்பவர்களிடம் கேட்காதீர்கள். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் 1994 முதல் நடக்கும், இத்தகைய மென்பொருள்களைப் பற்றி வழிகாட்டும் காக்டாஸ் நெட்வொர்க்கிங் புராஜெக்ட் எந்த மென்பொருளையும் விற்பதில்லை. அவர்களுடைய ஒப்பீடுகளைப் படித்தால் போதும். நம் நாட்டில் ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு) நிதியில் பிஎச்.டி. மாணவர்களுக்கு 10 நாள் ஆய்வு முறையியல் வகுப்புகள் நடக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் நிகழ்ச்சி நிரலை வாங்கி, பண்புசார் பகுப்பாய்வுக்கு (எண்களை அல்லாமல் பேச்சையும் எழுத்தையும் ஆராய்வது) எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள்.

பயிலரங்கு நடத்துபவரிடம் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். எந்தப் பதிப்பு, விண்டோஸா மேக்கா? (என்விவோவில் இரண்டும் ஒன்றல்ல.) சொந்தத் தரவைக் கொண்டு வரலாமா? பிறகு ஒரு சோதனைக் கேள்வி: "இரண்டு பேர் செய்த கோடிங்கை ஒப்பிடும்போது உடன்பாட்டு சதவீதம் ஏன் பெரும்பாலும் 90-க்கு மேலே நிற்கிறது?" என்விவோ எழுத்து எழுத்தாகக் கணக்கிடுகிறது. இருவருமே கோட் செய்யாமல் விட்ட எழுத்துகளும் 'உடன்பாடு' என்றே சேர்கின்றன. இதைச் சொல்லத் தெரிந்தவரிடம் தாராளமாகப் பணம் கட்டலாம்.

எந்தப் பயிலரங்கிலும் அநேகமாகச் சொல்லித் தராத விஷயம், தமிழ்த் தரவு. பழைய டிரான்ஸ்கிரிப்ட் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். மென்பொருளுக்குள் போனதும் குப்பையாகத் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, ஒரு முறை முழுதாக வாசியுங்கள். இடையிடையே ஆங்கிலத்தில் இருந்த சொற்களையும் அது தமிழாக நினைத்து மாற்றியிருக்கும். தமிழ் பிடிஎஃப்பை அப்படியே ஏற்றுவதும் வேண்டாத வேலை. அதிலிருந்து ஒரு பத்தியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால் வேர்டு கோப்பைத் தேடி எடுங்கள்.

யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. 'போ' என்பதில் உள்ள ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, தேடலுக்குத் தெரியும். 'போராட்டம்' என்று தேடி, நிச்சயம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்த கோப்பிலேயே பூஜ்யம் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். எல்லா டிரான்ஸ்கிரிப்டையும் ஒரே விசைப்பலகை மென்பொருளில் தட்டச்சு செய்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் வராது.

அடுத்தது சொல் எண்ணிக்கை. என்விவோவின் உரை மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. 'மற்றவை' என்றுதான் வைக்க வேண்டும், அப்போது அடிச்சொல்லை வைத்துச் சேர்க்கும் வசதி கிடைக்காது. வீடு, வீட்டில், வீட்டுக்கு மூன்றும் மூன்று தனிச் சொற்களாகவே எண்ணப்படும். இதற்கு நட்சத்திரக் குறி உதவும்: 'வீட*' என்று கொடுத்தால் மூன்றும் சிக்கும், ஏனென்றால் மூன்றிலும் குறியீட்டு வரிசை வ, ஈகாரக் குறி, ட என்றே தொடங்குகிறது. கூடவே 'வீடியோ'வும் சிக்கும். 'மர*' என்றால் மரத்தோடு மரணமும் மரபும் வரும். ஆகவே தேடல் முடிவை அப்படியே கோட் ஆக்கும் வசதியைத் தமிழில் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது. அதிகம் வரும் சொற்களைப் பெரிதாகக் காட்டும் சொல் மேகப் படமும் அப்படித்தான். ஆய்வேட்டில் அழகாக இருக்கும், வைவாவில் கேட்டால் பதில் இருக்காது.

குழுவாக வேலை செய்பவர்கள் ஒன்றை மட்டும் விடாப்பிடியாகக் கடைப்பிடிக்க வேண்டும்: புராஜெக்ட்டின் பிரதிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்த பிறகு டிரான்ஸ்கிரிப்டில் ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தக் கூடாது. திருத்தினால், ஒன்று சேர்க்கும்போது மென்பொருள் அதை வேறு கோப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஒரே நேர்காணல் இரண்டாக நிற்கும், கோடிங் பாதி அங்கே, பாதி இங்கே. புராஜெக்ட்டைப் பென் டிரைவிலிருந்தோ, ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் கோப்புறையிலிருந்தோ நேரடியாகத் திறக்கவும் வேண்டாம். கணினியில் வைத்து வேலை செய்து, மூடிய பிறகு தேதி போட்டுப் பிரதி எடுங்கள்.

உதவி மையத்துக்கு எழுதும்போது 'ஓபன் ஆகவில்லை' என்று மட்டும் எழுதினால் நாலு நாள் மின்னஞ்சல் போக்குவரத்திலேயே போய்விடும். மென்பொருள் பதிப்பு எண், இயங்குதளம், பிழைச் செய்தியின் முழு வாசகம், அது வரும்வரை செய்த படிகள், புராஜெக்ட்டின் அளவு, இவ்வளவும் முதல் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். நேர்காணல் உள்ள புராஜெக்ட்டை இணைத்து அனுப்பிவிடாதீர்கள், பேசியவர்களிடம் வாங்கிய ஒப்புதலில் அதற்கு இடமில்லை. புதிய புராஜெக்ட் ஒன்றில் கற்பனையாக இரண்டு வரி எழுதி அதே படிகளைச் செய்யுங்கள். அங்கேயும் பிழை வந்தால் அதை அனுப்பலாம். வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் கோப்பில்தான், பழைய பிரதியைத் திறந்து பாருங்கள்.

உரிமம் வாங்க வழியில்லாதவர்களுக்கு டாகெட், குவால்கோடர் இரண்டும் இலவசம், திறமூலம். டாகெட்டில் உரையை மட்டும் கோட் செய்யலாம், அரை மணி நேரத்தில் பிடிபடும். ஆனால் இணையத்தில் பயன்படுத்தினால் தரவு அவர்கள் சர்வருக்குப் போகும், அதனால் உங்கள் கணினியிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். குவால்கோடரில் ஒலி, காணொளியும் முடியும். அதற்கு உதவி மையம் கிடையாது, அதன் மூலநிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில்தான் பிழையைப் பதிய வேண்டும்.

என்விவோ, மேக்ஸ்கியூடிஏ சோதனைப் பதிப்புகள் 14 நாள். கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டால் நிற்காது, எனவே டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் திருத்தி முடித்த பிறகே நிறுவுங்கள். 12-ஆம் நாளே கோட் பட்டியலையும் கோட் செய்த பகுதிகளையும் வேர்டிலோ எக்செலிலோ எடுத்துவிட்டு, இத்தகைய மென்பொருள்களுக்கிடையே புராஜெக்ட்டை மாற்றிக்கொள்ளும் பொது வடிவமான ரெஃபி-கியூடிஏவில் ஒரு பிரதியும் ஏற்றுமதி செய்யுங்கள். அதைக் குவால்கோடரில் திறக்கலாம். கோடிங் வந்துவிடும், சேமித்து வைத்த தேடல்களும் வரைபடங்களும் வராது. அவற்றைப் படமாக எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.