தோழிக்குச் சொன்ன உடம்புக் கதை

இதய நோயாளிகள் வார்டில் பல வருடமாக நர்ஸாக இருக்கிறேன். கேஸ் ஷீட் எழுதிப் பழகிய கண்ணோடு ரஷ்யாவின் கடைசிப் பேரரசி அலெக்ஸாண்ட்ராவின் கடிதங்களைப் படித்தால், தன் உடம்பைப் பற்றி அவர் யாரிடம் என்ன சொல்கிறார் என்பதுதான் முதலில் படுகிறது. அரசியலும், அவர் நம்பியிருந்த சாமியார் ரஸ்புடினும் எனக்கு அப்புறம்தான்.

முதல் உலகப் போர்க்காலத்தில் ராணுவத் தலைமையகத்தில் இருந்த கணவர் இரண்டாம் நிக்கோலஸுக்கு எழுதும்போது, இன்று இதயம் இரண்டாம் எண் அளவுக்கு விரிந்திருக்கிறது, இன்று மூன்றாம் எண் என்று தரம் போட்டுத் தெரிவிப்பார். சொட்டு மருந்து எடுத்துக்கொண்டதையும் சொல்வார். நாங்கள் ஷிப்ட் மாறும்போது கொடுக்கிற ரிப்போர்ட் மாதிரிதான் இருக்கும். ஆனால் 1910-இல், முன்பு தன்னிடம் பணித்தோழியாக இருந்த இளவரசி பர்யாடின்ஸ்காயாவுக்கு எழுதிய கடிதத்தில் எண்ணே இல்லை. எங்கேயும் போக முடிவதில்லை, போனால் பிறகு நெடுநாள் படுக்கைதான், இதயத் தசைகள் அளவுக்கு மீறிக் களைத்துவிட்டன, அதனால் மகள்களை அப்பாவோடு அணிவகுப்புக்கு அனுப்புகிறேன், என் இடத்தில் நிற்க அவர்கள் பழகியாக வேண்டும் என்று எழுதுகிறார். வலியை விட, கடமையைச் செய்ய முடியாததும், தன்னால் வீட்டில் இருப்பவர்கள் வருந்துவதும்தான் அவரை வாட்டுகின்றன.

இதை நான் வார்டில் தினம் கேட்கிறேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது "பரவாயில்லை சார்" என்று முடித்துக்கொள்ளும் அம்மா, ராத்திரி பக்கத்தில் உட்காருகிற ஆயாவிடம், வாசலில் குனிந்து கோலம் போட்டு மாசக்கணக்காச்சு, மருமகள்தான் போடுகிறாள், படுத்தால் மூச்சு முட்டுகிறது, சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறேன் என்று முழுக்கதையும் சொல்லிவிடுவார். கேஸ் ஷீட்டில் ஏற வேண்டியது இரண்டாவது பேச்சுதான். அதனால் நான் எல்லோரிடமும் கேட்பது, முன்பு செய்து இப்போது விட்டுவிட்ட வேலை என்ன என்று.

சங்க அகப்பாடல்களில் காதலால் தலைவி மெலிந்ததற்குத் தாய் முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துவாள், உண்மைக் காரணம் தோழிக்குத்தான் தெரியும். ஜார்ஸ்கோயே செலோ அரண்மனையிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. பேரரசிக்கு இளம் வயதிலிருந்தே சியாட்டிகா என்ற இடுப்பு-கால் நரம்பு வலி, ஐந்து பிரசவம், 1904-இல் பிறந்த மகன் அலெக்ஸெய்க்கு ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா. மகனின் நோயை வெளியே சொல்லக் கூடாது என்று வைத்திருந்தார்கள். ஆகவே தாய் ஏன் சோபாவில் கிடக்கிறார், ஏன் விருந்துகளுக்கு வருவதில்லை என்று ஊருக்குத் தெரியாது. கர்வம் பிடித்தவர் என்று பேசினார்கள். அவருக்கு நிஜமாகவே இதய நோயா, மனக்கவலையின் விளைவா என்ற விவாதம் இன்றும் உண்டு. ஒரு நர்ஸாக எனக்கு அந்தப் பிரிவினை பெரிதாகத் தெரியவில்லை. எழுந்திருக்க முடியாதவர் எழுந்திருக்க முடியாதவர்தான்.

அவருடைய நெருங்கிய தோழி அன்னா வீருபோவா. 1914-இல் போர் தொடங்கியதும் பேரரசியும், ஓல்கா, தத்தியானா என்ற மூத்த மகள்கள் இருவரும், அன்னாவும் சேர்ந்து, வேரா கெட்ராய்ட்ஸ் என்ற பெண் அறுவை மருத்துவரிடம் நர்ஸிங் பயிற்சி பெற்றார்கள். நாளெல்லாம் சோபாவில் கிடந்தவர் அறுவை அரங்கில் கருவி எடுத்துக் கொடுத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1915 ஜனவரியில் ரயில் விபத்தில் அன்னாவின் கால்கள் நொறுங்கின. அதற்குப் பிறகு நோயாளி யார், பார்த்துக்கொள்பவர் யார் என்று பிரிக்கவே முடியாது.

புரட்சியில் ஆட்சி போனபின், 1917 டிசம்பரில், குடும்பத்தோடு சைபீரியாவின் தபோல்ஸ்க் ஊரில் காவலில் இருந்த பேரரசியிடமிருந்து அன்னாவுக்கு வந்த கடிதத்தில், மகனுக்குக் காலுறை பின்னுகிறேன், காயம்பட்டவர்களுக்குப் பின்னிக் கொடுத்தோமே அதே மாதிரி தடிமனாக, நினைவிருக்கிறதா என்று கேட்கிறார். மகள்களின் உள்ளாடைகள் கிழிந்து கந்தலாகிவிட்டதையும், தன் தலை நரைத்துவிட்டதையும் எழுதுகிறார். எந்த டாக்டரும் குறித்து வைக்காத உடல்நிலைச் செய்தி இது. பின்லாந்துக்குத் தப்பிப்போன அன்னா 1923-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் இந்தக் கடிதங்களைச் சேர்த்ததால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது.