முதலில் பவளம், கடைசியில்தான் அனிமோன்: கோலாலம்பூர் வெக்கையில் ஒரு 3 அடித் தொட்டி

கோலாலம்பூரில் ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைக்கிறவர்களுக்கு முதல் தலைவலி வெக்கைதான். மதியம் பூட்டிக் கிடக்கும் கொண்டோவில் அறைச் சூடு 31 டிகிரி என்றால், பம்பும் விளக்கும் சேர்ந்து தொட்டித் தண்ணீரை 32-க்கு ஏற்றிவிடும். பவளத்துக்கு வேண்டியது 25, 26. சூடு கூடி அப்படியே நின்றால், பவளத் திசுவுக்குள் வாழ்ந்துகொண்டு அதற்குச் சோறு போடும் நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுப்பது இதனால்தான்.

இங்கே சொல்லும் கணக்கெல்லாம் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கு. மணலும் கல்லும் போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

தண்ணீர்மேல் காற்றடிக்கும் சின்ன ஃபேன் 2, 3 டிகிரி இறக்கும். மழை நாளில் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் அதுவும் இல்லை. ஃபேன் குளிர்விப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான். நாளுக்கு 3 லிட்டர் சாதாரணமாகப் போகும். தண்ணீர் போகும், உப்பு போகாது. 3 நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் 9 லிட்டர் குறைந்து, 35-இல் (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்த உப்பு 37-ஐத் தாண்டியிருக்கும். அதைப் பார்த்துப் பதறி உப்புத் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஆவியானதற்கு ஈடு, வடிகட்டிய உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான். மிதவை வைத்த தானியங்கி டாப்-அப் கருவி இருந்தால் நிம்மதி.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். அதைக் கேபினெட்டுக்குள் பூட்டி வைத்தால் தன் சூட்டையே திரும்ப இழுத்து ஓயாமல் ஓடும். வெளியே, பின்பக்கம் காற்றுப் போக இடம் விட்டு வையுங்கள். இரவில் மட்டும் ஏர்கோன் போடும் அறை தொட்டிக்கு ஆகாது. இரவு 25, மதியம் 30 என்று தினம் ஏறி இறங்குவதைவிட, எப்போதும் 27-இல் நிற்பது மேல்.

உப்புக் கலப்பதில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. பை திறந்தே இருந்தால் உப்பு ஈரம் உறிஞ்சிக் கட்டி தட்டும். ஈரமும் எடையில் சேர்வதால் தராசை நம்ப முடியாது. 20 லிட்டருக்கு 700 கிராம் போட்டு, பம்பை ஓடவிட்டு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதே வழி. தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து வீணாகும். கருவியைச் சரிபார்க்க 35 அளவுள்ள திரவம் கடையில் கிடைக்கும்; வெறும் தண்ணீரை வைத்துப் பூஜ்யம் பார்த்தால் மேல் அளவில் பிசகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, சிலிகேட்டும் இருக்கலாம். ஆர்.ஓ. வடிகட்டிக்குப் பின்னால் மிச்சமிருக்கும் அயனிகளை நீக்கும் டி.ஐ. பிசினும் சேர்த்து, டி.டி.எஸ். (கரைந்த பொருள்களின் அளவு) 0 காட்டுகிறதா என்று பாருங்கள்.

காய்ந்த கல்லோடு தொடங்கினால், கழிவின் நஞ்சை முறிக்கும் பாக்டீரியா நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) அமோனியா விட்டு, 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். பிறகு மணலில் பழுப்புப் படலம் வரும், அது போனால் பச்சைப்பாசி வரும். இரண்டும் தானாக அடங்கும். பதறிப்போய் மருந்து ஊற்றுகிறவர்கள்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் பவளமாக மஷ்ரூம், சோவாந்திட், டோட்ஸ்டூல் லெதர் மூன்றையும் தாராளமாகச் சொல்லலாம். கிரீன் ஸ்டார் பாலிப்பும் சாகாது, ஆனால் கோரைப்புல் மாதிரி பரவும். அதைத் தனிக் கல்லில் ஒதுக்கி வைக்காதவர்கள் ஒரு வருடத்தில் வருந்துவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, வாளியில் கொட்டி, மெல்லிய குழாயில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் விடுங்கள். பிறகு, ஒட்டிய பூச்சிகள் உதிரப் பவளத்தை முக்கியெடுக்கும் டிப் மருந்தில், புட்டியில் போட்ட அளவுப்படி, 5 முதல் 10 நிமிடம். அந்தக் கிண்ணத்தின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள்: கூழாங்கல்லை விடச் சிறிய நத்தை, தட்டைப்புழு, ஓடில்லாக் கடல் நத்தை எல்லாம் உதிர்ந்து கிடக்கும். முட்டை மட்டும் மருந்துக்குச் சாகாது. அடிக்கட்டையில் வெள்ளைச் சுருளாக ஒட்டியிருந்தால் கத்தியால் சுரண்டி எடுங்கள். கடைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது.

சோவாந்திட்டைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. அது ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போட்டுத் தேய்த்தால் ஆவியில் நஞ்சு கலந்து வீட்டில் உள்ளவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். சமையலறை சிங்க்கில் வைத்து வெட்டவே வேண்டாம்.

பவளத்தைக் கல்லில் ஒட்டுவதற்கு ஜெல் சூப்பர் குளூ போதும். மஷ்ரூம் மட்டும் வழவழப்பில் பசையை உதறிவிடும். ஒரு கோப்பையில் கல்துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் வைத்து வலை கட்டி, ஓட்டம் குறைந்த மூலையில் ஒரு வாரம் விட்டால் தானே பிடித்துக்கொள்ளும். புதிதாக வந்த எதையும் முதல் வாரம் அடித்தளத்தில் வைத்து, பிறகு மெல்ல உயர்த்துங்கள். கடையில் பார்த்த அழகு வரவில்லையே என்று தினம் இடம் மாற்றினால் விரியவே விரியாது.

மென்பவளம் மட்டும் இருக்கும்வரை வாரம் 15 லிட்டர் தண்ணீர் மாற்றினால் போதும். ஹாமர், டார்ச் போன்ற கல்பவளம் வந்ததும் கதை மாறும். அவை எலும்புக்கூடு கட்டக் கால்சியத்தையும் காரத்தன்மையையும் இழுக்கும். காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்., மக்னீசியம் 1300 பி.பி.எம். அளவில் நிற்கட்டும். காரத்தன்மை குறைந்தால் நம் ஆப்பச்சோடாவே மருந்து: 150 லிட்டரில் 1 கிராம் போட்டால் 0.2 டி.கே.எச். ஏறும். ஒரு கோப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, ஓட்டம் உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாளில் 0.5-க்கு மேல் ஏற்ற வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைத் தொடாதீர்கள். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்குகிறேன் என்று கிளம்பினால் பவளம் பட்டினி கிடக்கும், டைனோ என்கிற பழுப்புச் சளி வந்து மூடும். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 பி.பி.எம். இருப்பது நல்லது. டார்ச் பவளத்தின் பக்கத்தில் 15 செ.மீ. காலியிடம் விடுங்கள், இரவில் விரல்போன்ற நீளமான கொடுக்குகளை நீட்டி அக்கம்பக்கத்தைச் சுடும்.

கல்பவளம் எல்லாம், அழியும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. வாங்கும்போது முறையாக வந்ததா என்று கேளுங்கள். பூலாவ் பாயார், ரெடாங் போன்ற கடல் பூங்காக்களில் ஒரு துண்டு எடுப்பதும் சட்டப்படி குற்றம்.

அனிமோன், அதாவது கடல் சாமந்தி, பக்கம் 6 மாதம் ஆகாமல் போகாதீர்கள். ஒரு வருடம் பொறுத்தால் இன்னும் நல்லது. முதலில் வாங்கக்கூடியது பபிள் டிப் என்ற வகை ஒன்றுதான். கடையில் வெள்ளைவெளேரென்று இருப்பதை அழகு என்று எடுத்துவிடாதீர்கள், அது பாசியை இழந்து வெளுத்தது. பழுப்போ பச்சையோ கலந்த நிறம், மூடிய வாய், கிழியாத பாதம், தொட்டால் ஒட்டும் கொடுக்கு, இவ்வளவும் இருக்க வேண்டும். அனிமோனை டிப் மருந்தில் போடக்கூடாது. கல்லிடுக்கில் பாதத்தை வைத்து, ஒரு மணி நேரம் பம்பை நிறுத்திவிட்டால் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் நடக்கத் தொடங்கும், போகிற வழியில் பவளத்தைச் சுடும். தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கரில் சிக்கினால் கூழாகிவிடும். முன்னதாகவே அதற்கு வலைக்கூடு மாட்டுங்கள்.

அனிமோனுக்குச் சாப்பாடு, வாரம் இரண்டு முறை பசாரில் வாங்கிய பச்சை இறால், பட்டாணி அளவு. பெரிய துண்டு கொடுத்தால் விழுங்கிவிட்டு மறுநாள் துப்பும். நாளில் ஒரு தடவை சுருங்கிப் பழுப்புக் கழிவைத் துப்புவது இயல்பு. வாய் பிளந்து, உடல் குழைந்து, நாற்றம் வந்தால் உடனே வெளியே எடுங்கள். இருப்பதையெல்லாம் அமோனியாவில் சாகடித்துவிடும். கோமாளி மீன் இல்லாமலும் அது நன்றாக வாழும்.

சாயங்கால இடியில் இ.எல்.சி.பி. (மின்கசிவுக்குக் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) விழுவது இந்த ஊர் வழக்கம். நீங்கள் வேலையில் இருந்தால் தொட்டி மூச்சுத் திணறும். கரண்ட் போனால் தானே ஓடும் பேட்டரி ஏர்பம்பு ஒன்றை மாட்டிவிடுங்கள், வேவ்மேக்கரை யு.பி.எஸ்.-இல் வைத்தால் இன்னும் நல்லது.

ஒரு நாள் காலையில் அனிமோன் நடுவே கிழிந்து இரண்டாகக் கிடந்தால் செத்துவிட்டது என்று எடுக்காதீர்கள். பபிள் டிப் இப்படித்தான் பிரியும். இரண்டிலும் வாய் தெளிவாகத் தெரியும்வரை ஒரு வாரம் இறால் கொடுக்காமல் விடுங்கள்.