தொட்டியில் கலர் இலைக் குச்சிக்கிழங்கு: சேலத்திலும் ஏற்காட்டிலும்

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி இலையில் மஞ்சள் திட்டு தெரிந்தால் சேலம் பக்கம் யாரும் ரசிக்க மாட்டார்கள். "தேமல் விழுந்திருக்கு, பிடுங்கிப் போடு" என்பார்கள். நர்சரியில் அழகுக்காக விற்கும் வரிகேட்டட் (இரு நிற இலை) ரகத்தை வளர்க்க இறங்கினால், இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாக வேண்டும்.

அழகு ரகத்தில் ஒவ்வொரு மடலிலும் நடு நரம்பை ஒட்டி வெளிர் மஞ்சள், ஓரம் பச்சை. காம்பு சிவப்பு. இலை சுருங்காமல் முழு அளவில் விரியும். தேமல் நோயில் திட்டுக்கு ஒழுங்கே கிடையாது; ஒரு மடல் பாதி மஞ்சளாக, பக்கத்து மடல் முறுக்கிக்கொண்டு, இலையே சிறுத்துப் போயிருக்கும். அது வைரஸ். வெள்ளை ஈயும் பரப்பும், நோய்ச்செடியில் வெட்டிய கரணையும் (நடுவதற்கு வெட்டும் தண்டுத் துண்டு) பரப்பும். இலை உதிர்ந்த வெறும் குச்சியை வைத்து எதையும் சொல்ல முடியாது. தாய்ச்செடியை இலையோடு பார்த்த பிறகே கரணை வெட்ட வேண்டும்.

பச்சை நுனியும் வேண்டாம், முற்றிய அடியும் வேண்டாம். நடுத்தண்டில் 15–20 செ.மீ., எட்டுக் கணுவாவது இருக்கட்டும். வெட்டினால் பால் வடியும். நிழலில் ஒரு நாள் வைத்தால் வெட்டுவாய் காய்ந்துவிடும். காம்புத் தழும்புக்கு மேலேதான் மொட்டு இருக்கும், அந்தப் பக்கம் மேலே வரவேண்டும். தலைகீழாக நட்டால் துளிர் தாமதமாகும். ஆழம் 5 செ.மீ. போதும். 12 அங்குலத் தொட்டி. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழு உரம் ஒன்று. பத்துப் பதினைந்து நாளில் துளிர்க்கும். அதுவரை மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். அழுத்தினால் மெத்தென்று இருந்து தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் கரணை அழுகிவிட்டது.

வெயில்தான் கணக்கு. மஞ்சள் பகுதியில் பச்சையம் குறைவு என்பதால் சித்திரை மதிய வெயிலில் முதலில் கருகுவது அதுதான். சேலம் மொட்டை மாடி என்றால் காலை வெயில் நான்கு மணி நேரம், பிறகு நிழல்வலை. முழு நிழலில் வைத்தால் தண்டு நெடுநெடுவென்று போய் கலர் மங்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே கருகும் தொல்லை குறைவு, வளர்ச்சியும் மெதுவு. மார்கழிக் குளிரில் இலை கொட்டினால் தண்ணீரைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா? செடிக்கு உயிர் இருக்கிறது.

திடீரென்று ஒரு கிளை முழுப் பச்சையாக வந்தால் பாவம் பார்க்காமல் அடியோடு நறுக்கிவிட வேண்டும். பச்சையம் நிறைந்த கிளை வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். கழித்த இலையை மட்டும் ஆட்டுக்குப் போடாதீர்கள், அதில் சயனைடு நஞ்சு உண்டு.